யார் மூத்தவர் என்று கேட்கும் சலவை மாமி

சலவை மாமி புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்கமாட்டார். எந்த வருசம் பிறந்தாய் என்றுதான் கேட்பார். வருசம் ஒன்றாக இருந்துவிட்டால் மாதத்தைக் கேட்பார். பதில் கிடைக்கும்வரை அந்த ஆளுடன் எப்படிப் பழகுவது என்று அவருக்குத் தெரியாது. கதவடியில் இரண்டு பேர் சந்தித்தால் யார் முதலில் உள்ளே போவது, பாரமான கூடையை யார் தூக்குவது, கேக்கின் முதல் துண்டு யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்பார்.

சுவிஸில் வில் என்ற நகரில் ஒரு முதியோர் இல்லம். நான் அங்கே சமையற்கட்டில் வேலை செய்தேன். அவர் கீழ்த்தளத்தில், சலவைப் பகுதியில். சலவை மாமி என்பது என் பிள்ளைகள் வைத்த பெயர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவரிடம் சூடாக மடித்த படுக்கை விரிப்பின் மணம் வரும். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை.

அவர் பிறந்தது ஹவாயில், ஹீலோ என்ற ஊரில். பிள்ளைகளே, உலகப் படத்தில் பசிபிக் கடலின் நடுவில் சில புள்ளிகள் இருக்கும், அதுதான் ஹவாய். அங்கே வேலைக்குப் போயிருந்த ஒரு சுவிஸ்காரரைக் கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். ஹீலோவில் மழை நிற்பதே இல்லையாம். வில்லில் நாங்கள் மழை என்று குடை விரிக்கும்போது அவர் வெறுந்தலையோடு நடப்பார். "இது மழையோ? எங்கட ஊரிலை இதுக்கு உடுப்புக் காயப்போடுவினம்" என்பார். நாங்கள் கதைத்ததெல்லாம் ஜெர்மனில். உங்களுக்காகத்தான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

என்னை முதல் கண்டது லிஃப்டுக்குப் பக்கத்தில். நான் அழுக்கு ஏப்ரன்களைக் கூடையில் கொண்டுபோயிருந்தேன். வருசத்தைக் கேட்டார். சொன்னேன்.

"நான்தான் மூத்தவள்" என்றார். "ஆனா எங்கள் ரெண்டு பேருக்கும் அது தேவையில்லை. நீ ஆம்பிளை. நீ என்ர கைகுனானே."

அது என்னவென்று கேட்டேன். அவர்கள் மொழியில் ஒரு பெண் தன் சகோதரனைச் சொல்லும் சொல் அது. அண்ணனோ தம்பியோ, அதே சொல்தான். ஒரு ஆண் தன் சகோதரியைக் கைகுவஹினே என்பான். அக்காவோ தங்கையோ, அதற்கும் ஒரே சொல்தான். ஆனால் இரண்டும் பெண்களாக இருந்தால், அல்லது இரண்டும் ஆண்களாக இருந்தால், மூத்தவருக்கு ஒரு சொல், இளையவருக்கு ஒரு சொல். மூத்தவர் கைகுவஅனா. இளையவர் கைகைனா. அதனால் ஒரு பெண் தன் அக்காவைச் சொல்லும் சொல்லாலேயே ஒரு ஆண் தன் அண்ணனைச் சொல்வான்.

நாங்கள் எல்லாரையும் வயது பார்த்துத்தான் கூப்பிடுவோம், உங்களை நான் அக்கா என்றுதான் சொல்லவேண்டும் என்றேன்.

"சொல்லு. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார். பிறகு என் கூடையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. "சகோதரன் கொண்டுவந்தா வாங்கவேணும். குடு" என்றார்.

அதுதான் சலவை மாமி. ஒருவருக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால், அந்தச் சொல் என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்துகொண்டே இருப்பார். மற்றவருக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டார்.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. எங்களுக்குப் பொறுப்பாக ஒரு சுவிஸ் பெண் இருந்தார். ஷெஃபின் என்போம். சலவை மாமி அவரிடம் பிறந்த வருசத்தைக் கேட்டபோது, அது என் சொந்த விசயம் என்று சொல்லிவிட்டார். ஷெஃபினுடைய பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாரோ வயதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஷெஃபின் இளையவர் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. அடுத்த நாளிலிருந்து, "சால்வையைச் சுத்துங்கோ, வெளியிலை குளிருது", "இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லைப் போல, முகம் காட்டுது" என்று சலவை மாமி தொடங்கிவிட்டார். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் ஷெஃபினின் சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் உங்கட தங்கச்சி இல்லை" என்றார் ஷெஃபின். "இங்கை நான் உங்களுக்கு மேலை."

"ஓம்" என்றார் சலவை மாமி. "வேலையிலை மேலை."

ஷெஃபின் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கீழ்த்தளத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

எரித்திரியாவிலிருந்து ஒரு பெண் சலவைப் பகுதிக்குப் புதிதாக வந்தார். சலவை மாமியிடம்தான் வேலை பழகவேண்டும். வருசம் ஒன்றாக இருந்தது. மாதத்தைக் கேட்டால் வந்தவர் சில மாதம் மூத்தவர். அன்றிலிருந்து நல்ல சில்லுள்ள தள்ளுவண்டி அவருக்கு. ஈரத் துணிப் பாரமெல்லாம் சலவை மாமிக்கு. வேலை சொல்லவேண்டிய இடத்தில் சொல்லமாட்டார், தானே செய்துவிடுவார்.

ஒரு மத்தியானம் அந்த எரித்திரியாப் பெண் சமையற்கட்டுக்கு வந்து என்னைப் பிடித்தார்.

"அவ ஏன் என்ர வேலையெல்லாத்தையும் பறிக்கிறா? எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறாவோ? என்னை அனுப்பப்போறினமோ?"

"இல்லையில்லை. நீங்கள் அவவுக்கு அக்கா. அதுதான்."

"அக்காவோ?" என்றார். "அப்ப அவவிட்டைச் சொல்லுங்கோ. எங்கட ஊரிலை அக்காதான் சுமக்கிறது."

நான் போய்ச் சொன்னேன். அதோடு பிரச்சினை தீரும் என்று நினைத்தேன். மறுநாள் கீழே போனால், ஒரு தள்ளுவண்டியை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவரும் விடவில்லை. துணி குவிந்து கிடந்தது. கடைசியில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டுக்கு மாதத்தில் ஒருமுறையாவது வருவார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் பெரியவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். சலவை மாமி அதைக் கேட்டுவிட்டு, தான் கொண்டுவந்த பலகாரத்தைப் பெரியவளுக்கு முதலில் கொடுத்தார்.

"எனக்கு எப்ப முதல் தருவீங்கள்?" என்று சின்னவள் கேட்டாள்.

"உனக்கு ஒரு தங்கச்சி பிறந்த பிறகு. அப்ப அவளுக்கு முதல் நீ."

சின்னவள் நேரே குசினிக்குப் போனாள். "அம்மா, எனக்கு ஒரு தங்கச்சி வேணும்."

"மாமியைக் கேள்" என்றார் என் மனைவி. தகப்பனின் சகோதரிக்கும் சித்திக்கும் பெற்ற தாய்க்கும் அவர்கள் ஊரில் ஒரே சொல்தான் என்று சலவை மாமி முன்பே சொல்லியிருந்தார். "அந்தக் கணக்கிலை அவவும் உங்களுக்கு அம்மாதானே. தங்கச்சியை அவ தரட்டும். கையோடை வீட்டுப்பாடத்தையும் அவவே பார்க்கட்டும்."

சலவை மாமி சிரித்தார். கணக்குப் பாடத்தை எடுத்துவரச் சொல்லி இருந்து பார்க்கவும் செய்தார். அவருக்கும் அது வரவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். பெரும்பாலும் பாவற்காய்க் கறி இருக்கும். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும்போது சலவை மாமிக்கும் ஒரு பெட்டி கொண்டுபோவேன். ஒரு துண்டு மிச்சம் இல்லாமல் சாப்பிட்டு, பெட்டியைக் கழுவித் தருவார். இங்கே வேலையிடத்தில் மற்ற யாரும் அந்தக் கறியைத் தொட்டதில்லை. இதை வீட்டில் சொன்னபோது மனைவிக்குப் பெருமை. அதற்குப் பிறகு சலவை மாமியின் பெட்டியில் பாவற்காய் கூடிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமைகளில் அவர் நிறையத் தண்ணீர் குடிப்பார். சலவைப் பகுதியின் சூடு என்று நினைத்தேன்.

ஒருநாள் இடைவேளையில் நாங்கள் சிலர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. சலவை மாமி தனக்கு ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். சுவிஸ்காரரைக் கல்யாணம் முடிப்பதற்கு முன் பிறந்தவள். எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள்.

"ஹீலோவிலை. அக்காவோடை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. குடு எண்டு கேட்டா. குடுத்தன்."

இதற்கு அவர்கள் ஊரில் ஹானை என்று பெயர். ஒருவர் பெற்ற பிள்ளையை இன்னொருவர் தன் பிள்ளையாக வளர்ப்பது. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. யார் பெற்றது, யார் வளர்த்தது என்று பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதிலும் மூத்தவர் வாய்விட்டுக் கேட்டால் இளையவர் மறுக்கமாட்டார். நம் ஆட்களிலும் பெரியம்மா வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் எனக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை. ஆனால் மேசையில் இருந்த மற்றவர்கள் கோப்பியைக் கீழே வைத்தார்கள். வரவேற்பில் வேலை செய்யும் ஒரு பெண்தான் கேட்டார்.

"உங்கட அக்கா நன்றியாவது சொன்னாவோ?"

"நன்றியோ? மூத்தவ கேட்டா. இளையவள் குடுத்தன். அதுக்கு என்ன நன்றி?"

கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நான் கீழே போனபோது பெரிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். தனியாக மடிக்கக் கஷ்டம். நான் இரண்டு முனைகளைப் பிடித்தேன். இரண்டு பேரும் நடந்து கிட்ட வந்து முனைகளைச் சேர்ப்பது, திரும்பத் தள்ளிப் போவது. நாலைந்து விரிப்பு மடித்த பிறகு, விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒருக்கா ஏதும் சொன்னா நல்லாயிருக்கும்."

"ஆர், அக்காவோ?"

"ஓம். எனக்குச் சும்மா கிடந்த ஒண்டை எடுத்துக் குடுத்தன் எண்டு அவ நினைக்கிறாவோ தெரியேல்லை. மடியிலை இருந்து எடுத்துக் குடுத்தது எண்டு அவவுக்குத் தெரியுமோ? அதை மட்டும்தான் அறியவேணும்."

"கேளுங்கோவன்."

"நான் கேக்கேலாது. இளையவள் கேக்கிறேல்லை."

அவர் தொலைபேசியில் அக்காவைத் தானாகக் கூப்பிடுவதுகூட இல்லை. அக்கா எடுப்பார், இவர் பேசுவார். கூரை ஒழுகுவது, மீன் விலை, பக்கத்து வீட்டு நாய். மகளும் இடையில் வந்து நாலு வார்த்தை பேசுவாள். நன்றாகத்தான் பேசுவாளாம். அவ்வளவுதான், இத்தனை வருசமும்.

இப்படி இருக்கும்போது ஒரு புரட்டாதி மாதம் அக்காவும் மகளும் வில்லுக்கு வந்தார்கள். இரண்டு கிழமை நிற்பதாக ஏற்பாடு. சலவை மாமி தன்னுடைய படுக்கையறையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, புருசனோடு முன்னறைச் சோபாவில் படுத்தார். இரண்டு கிழமைக்கும் சேர்த்து லீவு கிடைக்கவில்லை. இடையில் வேலைக்கு வரும்போதெல்லாம் நான் கேட்பேன்.

"ஏதும் சொன்னாவோ?"

"இங்கத்தைப் பால் நல்லாயிருக்காம்."

அடுத்த முறை கேட்டேன்.

"மலையெல்லாம் எங்கட ஊரிலை மாதிரி நெருப்புக் கக்காமல் சும்மா நிக்குது எண்டு சொன்னா."

மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. அவரே தலையை இல்லை என்று ஆட்டினார்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பாடு. மனைவி காலையிலிருந்தே சமைத்தார். தலையோடு பெரிய மீன், தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, பருப்பு, சம்பல். சலவை மாமிக்கு விருப்பம் என்று பாவற்காய்க் கறி ஒரு சட்டி தனியாக.

மூத்தவர் உயரமான, கனத்த பெண். முழங்கால் வருத்தம். கையால் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார். அவர் பேசியது ஆங்கிலம். என் பெரிய மகள் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தவர் அமரும்வரை சலவை மாமி அமரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலையிடத்தில் ஷெஃபினுக்கே சட்டைக் கழுத்தைச் சரிசெய்த மனுசி, எங்கள் மேசையில் ஒரு சின்னப் பிள்ளையைப் போல நின்றதை அன்றுதான் கண்டேன்.

எல்லோரும் அமர்ந்த பிறகு சலவை மாமியின் மகள் எழும்பினாள். இளையவர்கள்தான் பரிமாறவேண்டும். மூத்தவருக்கு முதலில் போடுவதற்குக் கரண்டியை எடுத்தாள். அவர்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் மூத்தவருக்குத்தான் என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டே தலையைக் கரண்டியில் தூக்கினாள்.

மூத்தவர் கையை நீட்டி மறித்தார். கரண்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, இரு என்பதுபோல் காட்டினார். பிறகு மேசையில் ஒரு கையை ஊன்றி மெதுவாக எழும்பினார். மேசையைச் சுற்றி நடந்து சலவை மாமியின் பின்னால் வந்து நின்றார்.

சலவை மாமி பதறி எழும்பப் பார்த்தார். மூத்தவர் தோளில் கையை வைத்து அமத்தினார்.

சோறு போட்டார். பருப்பு விட்டார். மீன் தலையை எடுத்து, முள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கையாலே எடுத்துவிட்டு, சலவை மாமியின் தட்டில் வைத்தார். அந்த மகள் வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகு என் பெரிய மகளின் காதில் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டேன்.

"அவ ஆருக்கும் பரிமாறி தான் ஒருநாளும் காணேல்லையாம் அப்பா. பாதிரியார் வந்தாலும் இருந்த இடத்திலைதானாம்."

மூத்தவர் பாவற்காய்ச் சட்டியைத் தாண்டிச் சம்பலுக்குப் போனார். கவனிக்கவில்லை என்று நினைத்து மனைவி சட்டியைக் கிட்டத் தள்ளினார்.

"இதையும் போடுங்கோ அக்கா. அவவுக்கு நல்ல விருப்பம்."

என் மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மூத்தவர் சட்டியைப் பார்த்தார். பிறகு தங்கையின் தலையைப் பார்த்து ஏதோ சொன்னார். என் மகள் அதைச் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லு" என்றேன்.

"இவள் இதைத் தின்னமாட்டாளாம். அவையின்ர ஊரிலையும் இது இருக்காம். சின்னதிலை வாயிலை வைச்சாலே துப்பிப்போடுவாளாம். அம்மா அடிக்க வந்தா, தான்தான் எடுத்துத் தின்னுறதாம்."

மனைவி என்னைப் பார்த்தார். நான் சலவை மாமியைப் பார்த்தேன். அவர் தன் தட்டில் இருந்த மீன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள்தான் பேசினாள்.

"அப்பா, ஒவ்வொரு வெள்ளியும் குடுத்தீங்கள்."

மூத்தவர் திரும்ப மேசையைச் சுற்றி நடந்து தன் கதிரையில் இருந்தார். சலவை மாமி அன்று மிக மெதுவாகச் சாப்பிட்டார். மீன் தலையில் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. சூரிச் விமான நிலையத்திலும் மூத்தவர் நன்றி என்றோ வேறு எதுவுமோ சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர்கள் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை நான் பெட்டியில் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டுபோனேன். சலவை மாமி மூடியைத் திறந்து பார்த்தார்.

"எங்கை மற்றது?"

"நீங்கள்தான் அதைத் தின்னமாட்டியளே."

"அக்காவுக்கு முன்னாலை தின்னமாட்டன்" என்றார். "கைகுனானே கொண்டுவந்தாத் தின்னுவன். உன்ர மனுசி நிண்டு சமைச்சது. ஏன் நிப்பாட்டினவ?"

பெட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு விரிப்பை உதறினார். நான் மற்ற இரண்டு முனைகளையும் பிடித்தேன்.

"அக்கா கடைசிவரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை, என்ன?" என்றேன்.

"சொன்னாவே" என்றார். "நீயும் மேசையிலை இருந்தனிதானே. முள்ளும் எடுத்துத் தந்தா."

நடந்து கிட்ட வந்து தன் முனைகளை என் கையில் சேர்த்தார். அடுத்த விரிப்பை எடுத்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் "சரி, குறைச்சுக் குடுத்துவிடுறன்" என்றார். அடுத்த வெள்ளி பாவற்காய் போனது. சலவை மாமி ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நான் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.